ஊதிப் பார்க்காத பெட்டி

பெட்டி கத்துவதை நிறுத்திய பெருமை முழுக்க அவளுக்குத்தான் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. பாராட்டு தானாக வீடு தேடி வரும்போது கதவைச் சாத்துகிற நல்லவர்கள் உலகத்தில் குறைவு.

"நிறைகுடம் தளும்பாதும்பாங்களே, உன் பெட்டி இப்பதான் நிறைகுடம் ஆயிருக்கு குட்டி," என்றான் அண்ணன், ரொட்டியைத் தேநீரில் முக்கியபடி. "முன்னெல்லாம் என்ன ஆட்டம் ஆடும். பழம் ஏத்தற வண்டிக்காரர் தும்மினாக் கத்தும். கதவைத் திறந்தாக் கத்தும், மூடினாக் கத்தும். ஒவ்வொரு தடவையும் நான் குச்சியை எடுத்துக்கிட்டுப் போய், பொத்தானைக் குத்தி அது வாயை அமுக்கிட்டு வரணும். இப்பப் பாரு, வாயே திறக்கறதில்ல. மரியாதை கத்துக்கிச்சு."

"அதே மரியாதையை உங்க தங்கச்சிக்கும் கொஞ்சம் ஏத்தி விடச் சொல்லுங்க," என்றாள் அண்ணி, காலணியைத் தேடிக்கொண்டே. "காலையில எழுந்ததிலிருந்து வாய் மூடல."

அண்ணனும் அண்ணியும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். ஆப்பிள்களை மாதக்கணக்கில் தூங்க வைக்கிற பழக் கிடங்கு அது. தூங்க வைப்பது என்றால் தாலாட்டுப் பாடி அல்ல. அறை நிறைய அடுக்கி, ரப்பர் பட்டை வைத்த கதவை இறுக்கி மூடி, உள்ளே இருக்கிற ஆக்சிஜனை நைட்ரஜன் விட்டுத் துரத்திவிடுவார்கள். மூச்சு கிடைக்காத பழம் பழுக்காது, அழுகாது, அப்படியே கிடக்கும். மனிதன் உள்ளே போனாலும் அப்படியே கிடப்பான். நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, தொண்டையைக் கரிக்கிற நல்ல குணம்கூடக் கிடையாது. அது வந்ததும் தெரியாது, நாம் விழுந்ததும் தெரியாது.

அதனால்தான் அறைகளுக்கு நடுவே ஓடும் நீளமான நடைக்கூடத்தில், கடைசிச் சுவரில், அந்தப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். நடைக்கூடத்துக் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று எண் காட்டும். நல்ல காற்று என்றால் இருபது புள்ளி ஒன்பது. பத்தொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஊரைக் கூட்டும். அண்ணிக்குப் பழம் தரம் பிரிக்கிற கூடத்தில் வேலை, அது சற்றுத் தள்ளி. நடைக்கூடம் அண்ணனுடைய ராஜ்யம்.

"எண்கூட ஆடறதில்ல," என்றான் அண்ணன். "புது வெர்ஷன் வந்ததிலிருந்து இருபது புள்ளி ஒன்பது, அப்படியே சிலை மாதிரி. வண்டிக்காரர்கிட்டக் காட்டினேன். பாருய்யா, எங்க வீட்டுப் பொண்ணு கை பட்டதுன்னு."

"போதும் போதும், விளம்பரம் பண்ணாதே," என்று சொன்னாலும் அவளுக்குக் காது வரைக்கும் இனித்தது.

"இன்னிக்கு ஆறாம் அறையை மூடி காத்து மாத்தணும். மதியம் வரைக்கும் நைட்ரஜன் போய்க்கிட்டே இருக்கும். பழைய பெட்டின்னா இன்னிக்கு என் காது போயிருக்கும்."

இருவரும் கிளம்பிப் போனார்கள். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, நாக்கால் தேடினால் கிடைக்காது, விட்டால் போகாது. சிலை மாதிரி என்றானே. பாராட்டுத்தானே, அதில் என்ன உறுத்தல் என்று தட்டைக் கவிழ்த்துவிட்டு அவளும் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அந்தப் பெட்டிகளைச் செய்கிற அவள் கம்பெனியில் அவளுக்கு மூட்டைக்காரி என்று பெயர். பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதியது அவள் இல்லை. எழுதுகிறவர்கள் வேறு, அவர்களுக்கு ஜன்னல் பக்கத்து இடம். அவர்கள் எழுதியதைக் கம்பைல் செய்து, அதாவது பெட்டிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, மூட்டை கட்டி, ஊர் ஊராக மாட்டியிருக்கும் பெட்டிகளுக்கு அனுப்புவது இவள் வேலை. கேட்பதற்கு என்னவோ தபால் ஆபீஸ் வேலை போல இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் எத்தனை முடிச்சு என்று.

ஒரு புரோகிராம் தனியாக வாழாது. எண்ணை வாசிக்க லைப்ரரி என்கிற துணைப் புரோகிராம் ஒன்று வேண்டும், சைரன் ஊத ஒரு லைப்ரரி வேண்டும். எந்த லைப்ரரியை எந்தெந்தப் பாதையில் போய்த் தேட வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே ஃப்ளாக் என்கிற குறிப்பைக் கொடுத்து அதன் வயிற்றுக்குள் எழுதிவிடுவார்கள். புரோகிராம் ஓடத் தொடங்கும்போது அந்தப் பாதைகளில் வரிசையாகப் போய்க் கதவைத் தட்டும். முதல் வீட்டில் அந்தப் பெயருள்ள ஆள் கிடைத்துவிட்டால் போதும், அவனையே கூட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாவது வீட்டில் அதே பெயரில் இன்னொருவன் இருந்தாலும் அவனைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காது.

மூட்டை கட்டுகிற அமைப்புக்கும் ஒரு குணம் உண்டு. கட்டி முடித்ததும் புரோகிராமின் உள்ளே புகுந்து, யார் யாருடைய பாதை எழுதியிருக்கிறது என்று பார்க்கும். பாதை இருந்தால் ஆளையும் கூடவே கட்டி அனுப்பிவிடும். நல்ல குணம்தான். ஒரு காலத்தில் புரோகிராம் போய் இறங்கிய இடத்தில் லைப்ரரி இல்லாமல் பெட்டிகள் செத்துக் கிடந்ததுண்டு. இந்த அமைப்பு வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. அவள் அதை நம்பினாள். நம்பாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆபீஸ் சுவரில் பெரிய திரை ஒன்று. எல்லா ஊர்ப் பெட்டிகளும் தங்கள் எண்ணை அதில் காட்டிக்கொண்டிருக்கும். அன்று காலை அவள் பையை மேஜையில் வைத்துவிட்டு அந்தத் திரையை நிமிர்ந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற திரைதான். பச்சைப் பசேல் என்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை இருபது புள்ளி ஒன்பது. பழக் கிடங்கு, ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி அடித்தளம், எல்லாவற்றிலும் இருபது புள்ளி ஒன்பது. வெயில் காயும் ஊரிலும் மழை கொட்டும் ஊரிலும் அதே. ஒன்றாவது ஒரு புள்ளி கூடவோ குறையவோ இருக்கக் கூடாதா? உயிருள்ள சென்சார் எதுவும் இப்படி விறைத்து நிற்காது. தூங்குகிறவனின் வயிறுகூட ஏறி இறங்கும்.



ஆபீஸின் கோடியில் ஊதல் அக்காவின் மேஜை காலியாக இருந்தது. அக்காவுக்குப் பெட்டிகளைச் சோதிப்பது வேலை, இப்போது பிரசவ விடுப்பு. அந்தப் பெயர் வந்த கதை இதுதான்: எந்தப் புது வெர்ஷனும் ஆபீஸை விட்டுப் போகுமுன் அக்கா தன் மேஜையிலிருக்கும் பெட்டியில் அதைப் போட்டு, சென்சாருக்கு வாயை ஒட்டி வைத்து ஊதுவார். மனிதன் வெளியே விடுகிற மூச்சில் ஆக்சிஜன் குறைவு அல்லவா? எண் மளமளவென்று இறங்கும், சைரன் ஊதும், அக்கா சிரித்துக்கொண்டே "பிழைச்சுப் போ" என்று அனுமதி கொடுப்பார். இதை ஊது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த விதியிலும் இது கிடையாது. அதனால் அவர் விடுப்பில் போனபோது யாருக்கும் ஒப்படைக்கவும் இல்லை. புது வெர்ஷனை அக்கா இல்லாமல்தான் அனுப்பினார்கள். மேஜையில் வைத்துப் பார்த்தார்கள், இருபது புள்ளி ஒன்பது காட்டியது, அறைக்காற்றும் அதுதானே, சரி என்று அனுப்பிவிட்டார்கள்.

மூட்டைக்காரி போய் அந்தப் பெட்டிமுன் குனிந்தாள். ஊதினாள்.

இருபது புள்ளி ஒன்பது.

நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, இரண்டு கையையும் குவித்து, காற்று ஒரு சொட்டும் பக்கத்தில் போகாதபடி ஊதினாள். மறுபடியும் ஊதினாள். தலை கிறுகிறுத்தது. அடுத்த மேஜைக்காரன் "என்ன மூட்டை, அடுப்பு மூட்டறியா?" என்று கேட்டான். எண் அசையவில்லை. எத்தனை ஊதினாலும் எல்லாம் நலம் என்றே சொன்னது அது.

தன் இடத்துக்கு ஓடி வந்து, நீ யாரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறாய் என்று புரோகிராமைக் கேட்டாள். அதைக் கேட்க ஒரு கட்டளை உண்டு. பதில் உடனே வந்தது. எண்ணை வாசிக்கிற லைப்ரரி, அதன் பக்கத்தில் அதன் பாதை. பாதையின் நடுவில் 'போலி' என்ற சொல்.

போலி என்றால் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கம்பைல் செய்கிற இடம் ஜன்னல் இல்லாத அறை மாதிரி, வெளியுலகத்து வாசனை படாது. அங்கே சென்சார் ஏது? ஆனால் கட்டிய புரோகிராமை அங்கேயே ஓட்டிச் சோதிக்க வேண்டும். அதற்காக அசல் லைப்ரரியின் பெயரிலேயே ஒரு போலி லைப்ரரியைச் செய்து வைத்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் இருபது புள்ளி ஒன்பது என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த பதில். சோதனையின்போது அது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அதன் பாதையை வரிசையில் முன்னால் வைக்க ஒரு ஃப்ளாக். சோதனை முடிந்ததும், சோதனைக்கென்று வந்த பாதைகளையும் யாரும் கேட்காத பாதைகளையும் வழித்து எடுத்துவிட ஒரு கடைசிக் கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் போலியை வீட்டுக்கு அனுப்புவது.

அந்தக் கட்டத்தை நிறுத்தி வைத்தது யார்? வேறு யார், இவள்தான். ஒரே ஒரு வரி.

ஏன் நிறுத்தினாள் என்பதுதான் கொடுமை. புது வெர்ஷனில் சைரன் ஊதுகிற லைப்ரரியைப் புரோகிராம் தொடக்கத்தில் கேட்காது, ஆபத்து வந்தால்தான் தேடும். கடைசிக் கட்டத்துக்கு அது புரியாது. யாரும் கேட்காத பாதை என்று சைரனின் பாதையையும் சேர்த்து வழித்துவிடும். அப்படி வழித்துவிட்டால் ஆபத்து வந்தாலும் பெட்டி ஊமை. இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு எவ்வளவு பெருமை. சைரனைக் காப்பாற்றத்தான் அந்த வரியை எழுதினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பாதை தங்கிவிட்டது, பாதை இருந்ததால் போலியும் மூட்டையில் ஏறியது, ஊர் ஊராகப் போய் இறங்கியது. மூட்டை முன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததை அன்றே அவள் பார்த்தாள். சைரன் உள்ளே வந்துவிட்டதல்லவா, அந்தக் கனம் என்று நினைத்துக்கொண்டாள்.

சைரன் பத்திரமாக இருந்தது. அதை எழுப்பத்தான் ஆள் இல்லை.

ஆறாம் அறை. மதியம் வரைக்கும் நைட்ரஜன்.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் போனை நடைக்கூடத்துக்கு வெளியே தன் மேஜையில் போட்டுவிட்டு அலைகிறவன். அண்ணியைக் கூப்பிட்டாள். தரம் பிரிக்கிற கூடத்தில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. கிடங்கு ஆபீஸ் எண்ணைப் போட்டாள், யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி அண்ணன். மறுபடி அண்ணி.

பெட்டிகளைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பலாம். பழைய மூட்டை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இன்னும் இருந்தது, அந்த அமைப்பு எதையும் சட்டென்று தூக்கி எறியாது. ஒரு உத்தரவு போதும். ஆனால் எல்லா ஊர்ப் பெட்டிகளையும் திருப்புவது என்றால் மேலாளர் சம்மதிக்க வேண்டும். மேலாளருக்கு ஆகட்டும் என்று பெயர். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். அன்று கண்ணாடி அறைக்குள் வாடிக்கையாளர்களுக்குப் பெட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் அலாரம் என்பதே இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார், வேறென்ன.

அவள் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். "சார், எல்லாப் பெட்டியையும் உடனே பழசுக்குத் திருப்பணும்."

ஆகட்டும் சிரித்த முகம் மாறாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். "என்னம்மா, யார் முன்னாடி என்ன பேசறே?"

"எண் எல்லாம் பொய் சார். சோதனைக்கு வெச்ச போலி லைப்ரரி உள்ள போயிருச்சு. எங்க அண்ணன் கிடங்குல இன்னிக்கு காத்து மாத்தறாங்க."

"இருக்கட்டும், மீட்டிங் முடியட்டும். பத்து நிமிஷம். உக்காந்து பேசுவோம்."

வாழ்நாளெல்லாம் ஆகட்டும் சொன்ன மனிதருக்கு அன்றைக்கென்று வாயில் 'முடியட்டும்' வந்தது. அவர் உள்ளே போனார். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றும் ஓடியது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்து உத்தரவைப் போட்டாள்.

புது உத்தரவு உண்டா என்று பெட்டிகள் தாமாக வந்து தலைமையிடத்தைக் கேட்க வேண்டும், கேட்டதும் மாறும். சில நிமிடம் பிடிக்கும். அவள் சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் ஐஸ் தொழிற்சாலை இருபது புள்ளி ஏழு என்றது. பிறகு இருபது புள்ளி எட்டு. ஆஸ்பத்திரி அடித்தளம் இருபது புள்ளி ஆறுக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு எண்ணாக நெளியத் தொடங்கியது, திரை முழுக்க மூச்சு வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பழக் கிடங்கின் கட்டம் மட்டும் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு சிவப்பாகியது. ஒன்பது புள்ளி இரண்டு.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். எட்டு புள்ளி ஒன்பது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அண்ணன்.

"என்ன குட்டி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?" அவன் குரலுக்குப் பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நடைக்கூடத்துக்குள்ள போகாதே. அண்ணா—"

"ஒண்ணும் கேக்கல. உன் பெட்டிக்குப் பழைய புத்தி திரும்பிடுச்சு, ஊரையே கூட்டுது. நிறைகுடத்துக்கு என்ன ஆச்சோ. இரு, போய் அது வாயை மூடிட்டு வரேன்."

போனை அவன் வைக்கவில்லை. மேஜைமேல் போட்டான், தட் என்ற சத்தம் கேட்டது. அவள் கத்தினாள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, கண்ணாடி அறைக்குள் ஆகட்டும்கூடத் திரும்பினார். கேட்க வேண்டியவன் காதில் மட்டும் விழவில்லை. நடைக்கூடத்து ஷட்டரைப் பாதி தூக்குகிற கிறீச்சொலி கேட்டது. சைரன் பெரிதானது. குச்சி தரையில் தட்டுகிற சத்தம் சிறிது தூரம் போயிற்று, பிறகு சைரனுக்குள் கரைந்துவிட்டது.

எட்டு புள்ளி ஒன்று.

சைரன் நின்றது.

அவன் வாயை அமுக்கிவிட்டான். இனித் திரும்பி வர வேண்டும். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். எத்தனை மரியாதையான அமைதி அது. அவன் மெச்சிய அதே அமைதி.

"அண்ணா," என்றாள். "அண்ணா. அண்ணா."

யாரோ நடந்து வந்து போனை எடுத்தார்கள். "ஹலோ, யாரும்மா? நான் வண்டிக்காரன். அவர் பெட்டியை நிறுத்தப் போயிருக்காரு. நின்னுடுச்சு, காது பொழைச்சுது. இருங்க, ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"நில்லுங்க."

அவள் இந்த முறை கத்தவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"நான் அவர் தங்கச்சி. உள்ள காத்து இல்ல. போனீங்கன்னா நீங்களும் விழுந்துருவீங்க. வெளிய இருந்தே ஷட்டரை முழுசாத் தூக்குங்க. அந்தப் பக்கத்து ஷட்டரையும் தூக்கச் சொல்லுங்க. நைட்ரஜன் வால்வை மூடச் சொல்லுங்க. பெரிய ஃபேன் இருந்தா உள்ள பார்த்துத் திருப்புங்க. யாரும் உள்ள காலை வைக்கக் கூடாது."

"விளையாடறீங்களாம்மா?"

"இல்ல."

வண்டிக்காரர் ஓடினார். ஷட்டர் உருளுகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். ஃபேன் உறுமத் தொடங்கியது. திரும்ப வந்து போனை எடுத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "கால் தெரியுதும்மா. பெட்டிக்குக் கீழேயே கெடக்காரு. ஆறாம் அறைக் கதவுல ரப்பர் பட்டை ஒரு மூலையில வெளிய பிதுங்கிக்கிட்டு நிக்குது. பத்து எட்டு வெச்சா இழுத்துட்டு வந்துருவேன். போகட்டுமா?"

எட்டு புள்ளி நாலு. "வேணாம்."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடிருவேன்மா."

"வேணாங்க."

அதற்குள் அண்ணியின் குரல். என்ன கூட்டம், என்ன ஆச்சு என்று தூரத்தில் கேட்ட குரல், கிட்டே வந்ததும் சொற்களை இழந்துவிட்டது. பிறகு போன் பறிக்கப்படுகிற சத்தம். "யாரு? நீயா? நீயா போக வேணாங்கறே?"

"அண்ணி, இன்னும் காத்து வரல. எண் பத்துகூட ஆகல. பத்தொன்பது ஆகணும். அங்க இருந்தே நில்லுங்க."

"எந்த எண்? இத்தனை நாளா சிலை மாதிரி நின்னுச்சே, அந்த எண்ணா? அதை நீயே வெச்சுக்கோ. என் புருஷன்டி அங்க கெடக்கறது."

அண்ணி அவளை டி போட்டு அழைத்ததே இல்லை. சற்று முன்புவரை பொய் சொன்ன பெட்டியைக் காட்டி, இதை நம்பு, உன் புருஷனைத் தொடாதே என்று சொல்ல எந்த வாய்க்குத் தகுதி இருக்கிறது? ஆனாலும் எண் அசைந்துகொண்டிருந்தது. அது ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிக்காரரைக் கூப்பிடுங்க அண்ணி." வண்டிக்காரர் போனை வாங்கினார். "வண்டிக்காரரே, அண்ணியைப் பிடிச்சுக்குங்க. விடாதீங்க."

பிடித்துக்கொண்டார்கள். அண்ணி திமிறுவதும் வைவதும் போனில் கேட்டது. அவளைத்தான் வைதாள், வேறு யாரை வைவாள்? அவள் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். பத்து. பதினொன்று புள்ளி ஐந்து. பதின்மூன்றில் போய் நின்றுவிட்டது. ஏறுகிறதா என்று பார்த்தாள், ஏறவில்லை. அண்ணன் அங்கே ஒவ்வொரு மூச்சையும் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருப்பான், அல்லது எடுப்பதை நிறுத்தியிருப்பான். "ஃபேனைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க," என்றாள். தள்ளினார்கள். பதினான்கு. பதினாறு. "இப்போ?" என்றார் வண்டிக்காரர். "இல்ல." பதினேழு புள்ளி எட்டு. "இப்போவாவது?" "இல்ல." தன் அண்ணனின் உயிரை இப்படிப் புள்ளி புள்ளியாகக் கஞ்சத்தனம் செய்யும் நாக்கு தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பத்தொன்பது புள்ளி இரண்டு.

"போங்க."

ஓடுகிற கால்கள். "தோளைப் பிடி, தோளைப் பிடி" என்று யாரோ சொன்னார்கள். சிமெண்ட் தரையில் ஏதோ இழுபடுகிற சத்தம் கிட்டே வந்து, தாண்டி, வெளியே போயிற்று. பிறகு யாரும் போனருகில் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடி அறை திறந்தது. வாடிக்கையாளர்களை வழியனுப்பிவிட்டு ஆகட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா, என்னவோ கத்தினியே?" என்றபடி திரையை நிமிர்ந்து பார்த்தார். பழக் கிடங்கின் கட்டம் பச்சையாகியிருந்தது. இருபது புள்ளி ஒன்பது. மேலே ஏற இடமில்லாததால் ஒரு புள்ளி நெளிந்து மறுபடி அங்கேயே வந்து நின்றது. "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

அவள் அந்த எண்ணையே பார்த்தாள். இப்போது அது உண்மை. அசல் லைப்ரரி, அசல் சென்சார், அசல் காற்று. அப்படியும் அதனிடமிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றும் கிடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து யாரோ போனை எடுத்தார்கள். மூச்சை வைத்தே அண்ணி என்று தெரிந்துகொண்டாள்.

"அண்ணி?"

"மூச்சு இருக்கு," என்றாள் அண்ணி. குரலில் கோபம்கூட இல்லை. "கூப்பிட்டுப் பார்த்துட்டேன், கண்ணைத் திறக்கல. ஆம்புலன்ஸ் வருது."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன் பெட்டி இப்ப என்ன சொல்லுது?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது, அண்ணி."